வழிவிடும் பண்பு

திருமுட்டம் எனவும் வழங்கும் ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகப் பெருமாள் கோயில் உள்ளது. மாசிமகத்தன்று தீர்த்தவாரிக்காகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, அங்குள்ள இசுலாமியப் பெருமக்கள் எதிர்கொண்டு மரியாதை செய்வது நெடுநாள் வழக்கம். எதிர்ப்படுவோரை மதித்து இடம் தருவதே வழியின் அறம் என்பதை இவ்வழக்கம் உணர்த்துகிறது. மனிதர்க்கிடையே நாம் போற்றும் இவ்வறம், காட்டினூடே செல்லும் சாலைகளுக்கும் பொருந்தும்.

ஈரோடு மாவட்டத்தில் பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் சாலை, தமிழ்நாட்டையும் கருநாடகத்தையும் இணைக்கிறது. அது கடந்து செல்லும் சத்தியமங்கலம் காடு, 2013ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இரவில் வாகனங்களில் அடிபட்டு விலங்குகள் இறப்பதைத் தடுக்க, இச்சாலையில் இரவுப் போக்குவரத்துத் தடையை நடைமுறைப்படுத்துமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் ஆணையிட்டது. தாளவாடி மலைப்பகுதி மக்கள் அதை எதிர்த்துப் போராடினர். விளைபொருளைச் சந்தைக்கும் நோயாளியை மருத்துவமனைக்கும் கொண்டுசெல்ல அவர்களுக்கு இச்சாலையே துணை.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும் இரண்டையும் ஒருங்கே காக்க இயலும் என்பதே என் கருத்து. தேவையையும் விரைவையும் பிரித்தறிதல் வேண்டும். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணுக்குச் சாலை எந்நேரமும் திறந்திருத்தல் வேண்டும், அது தேவை. தொலைதூரச் சரக்கு சில மணி நேரம் முன்னதாகச் சேர வேண்டும் என்பது விரைவு. அதற்காக இரவில் இரைதேடும் உயிர்களைப் பலியிடுதல் தகாது. பந்திப்பூரில் 2009 முதல் இரவுத் தடை நடைமுறையில் இருந்தும், அவசர ஊர்திகளுக்கு அங்கு வழி அடைக்கப்படவில்லை.

புதிய சாலை அமைப்பதிலும் இவ்வளவுகோலே வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோர்க்குச் சாலை உள்ளிட்ட வசதிகளை அமைக்க இடமளிக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாத வெட்டு, கிராமசபையின் பரிந்துரை என வரம்பும் வகுக்கிறது. மலைச்சாலையில் மழைநீர் வடியச் சிறுபாலமும் வடிகாலும் இன்றியமையாதவை. இல்லையேல் ஒரு பருவமழையிலேயே சாலை சிதைந்து, சரிவின் மண்ணும் அரித்துச் செல்லப்படும். மகாராட்டிரத்தின் பென்ச் காட்டில் நெடுஞ்சாலையை உயர்த்தி அமைத்துள்ள கீழ்வழிகளைப் புலிகளும் மான்களும் பயன்படுத்துவது ஒளிப்படக் கருவிகளில் பதிவாகியுள்ளது.

சட்டமும் பொறியியலும் செய்வதற்கு அப்பால், நாம் செய்ய வேண்டியதும் உண்டு. சத்தியமங்கலம் காட்டில் கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலையோரம் நிற்பது வழக்கமாகிவிட்டது. இரக்கத்தால் வீசும் ஒரு கரும்பு, யானையைச் சாலைக்குப் பழக்கி, ஒருநாள் அதன் உயிருக்கோ மனித உயிருக்கோ கேடாய் முடியும். காட்டில் வண்டியை மெல்லச் செலுத்துவோம்; ஒலிப்பானை ஒலிக்காதிருப்போம்; உணவை வீசாதிருப்போம்; விலங்கு கடக்கும்வரை காத்திருப்போம். காட்டின் வீட்டிற்குள் செல்லும் விருந்தினராகிய நமக்கு, அந்தச் சில நிமிடக் காத்திருப்பு பெரும் இழப்பாகாது.