பால்வாடிக்கு இன்னொரு டீச்சர் வேண்டும்

காலை பத்து மணிக்கு ஏதாவது ஓர் அங்கன்வாடி மையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பாயில் பதினைந்து, இருபது குழந்தைகள் இருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த ஒன்று, அம்மா போன வாசலையே பார்த்து அழுதுகொண்டிருக்கும். உள்ளே ஆயா அரிசி களைந்து உலையில் போட்டுக்கொண்டிருப்பார். டீச்சர் ஒரு பாட்டை எடுத்துக் கொடுப்பார். குழந்தைகள் கைதட்டிப் பாடத் தொடங்கும் நேரத்தில், சத்துமாவு வாங்க ஒரு கர்ப்பிணிப் பெண் வந்து நிற்பார். அவர் முகத்தைக் கைபேசியில் படம் பிடித்து, இவர்தான் அவர் என்று செயலி ஒப்புக்கொண்ட பிறகே பாக்கெட்டைக் கொடுக்க முடியும். சிக்னல் கிடைக்காமல் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். டீச்சர் வாசலுக்கு வெளியே போய்க் கையை உயர்த்திப் பார்ப்பார். அதற்குள் பாட்டு நின்றுபோயிருக்கும். பாதிக் குழந்தைகள் எழுந்து ஓடியிருப்பார்கள்.

அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. குழந்தைகளின் எடையும் உயரமும் பார்த்துப் பதிய வேண்டும். போஷன் டிராக்கர் செயலியில் அன்றாட வருகையை ஏற்ற வேண்டும். தடுப்பூசி நாளில் தாய்மார்களைத் திரட்ட வேண்டும். வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். முட்டைக்கும் பருப்புக்கும் இருப்புக் கணக்கு எழுத வேண்டும். பல ஊர்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் இவர் தலையில்தான் விழுகிறது. இத்தனைக்கும் நடுவே, 3 வயது முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பாடமும் சொல்லித்தர வேண்டும்.

மழலைக் கல்வியின் எதிர்காலம் என்றதும் நம்மவர்கள் பேச்சு ஸ்மார்ட் வகுப்பறை, வண்ணச் சுவர், ஆங்கில வழி என்று போய்விடுகிறது. எனக்கு அவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. தமிழ்நாட்டில் இருக்கும் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் ஒவ்வொன்றிலும், குழந்தைகளோடு பேசி, பாடி, விளையாடிக் கற்றுக்கொடுப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட இன்னொருவர் வேண்டும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த மையங்கள் பிறந்த விதத்தைப் பார்த்தால் படிப்பு ஏன் பின்னால் போனது என்று புரியும். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதன் ஆறு சேவைகளில் ஒன்றுதான் முன்பருவக் கல்வி. மற்ற ஐந்தும் உணவையும் உடல்நலத்தையும் சார்ந்தவை. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கி உதவியோடு வந்த ஊட்டச்சத்துத் திட்டம் குழந்தைகளின் எடையைத் தொடர்ந்து கண்காணிப்பதை முதன்மையாக்கியது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் சோறு போட்டது. பசி முன்னால் நின்ற காலத்தில் அந்த வரிசை சரியே. அந்தச் சோறும் முட்டையும் இல்லாமல் இன்றைய தமிழ்நாடு இல்லை. ஆனால், ‘பால்வாடியில சோறுதான் போடுறாங்க, படிப்பு எங்க சொல்லித் தர்றாங்க’ என்று கிராமத்துத் தாய்மார்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

அந்தப் படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். நான்கு வயதுக் குழந்தையின் முன்னால் ஐந்து புளியங்கொட்டைகளை நெருக்கமாக வரிசையில் வையுங்கள். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு’ என்று தடையில்லாமல் எண்ணிவிடும். அதன் கண்முன்னேயே கொட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு, ‘இப்ப எத்தனை இருக்கு?’ என்று கேளுங்கள். பல குழந்தைகள் திகைக்கும். வரிசை நீண்டுவிட்டதால் எண்ணிக்கையும் கூடிவிட்டதாக நினைக்கும். ‘நிறைய ஆயிருச்சு’ என்று சொல்லும். பக்கத்தில் இருப்பவர் உடனே திருத்தாமல், ‘எண்ணிப் பாரேன்’ என்று சொல்லிக் காத்திருக்க வேண்டும். குழந்தை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணும். அடுத்த நாள் மறுபடியும் தடுமாறும். பரப்பினாலும் குவித்தாலும் ஐந்து ஐந்துதான் என்பது ஒரு நாள் அதற்குத் தானாகவே பிடிபடும். பின்னால் கூட்டலும் கழித்தலும் நிற்பதற்கு இதுதான் அடித்தளம். இரண்டு கோடு, நான்கு கோடு நோட்டில் ஒன்று முதல் நூறு வரை எழுத வைத்து இதை உண்டாக்க முடியாது; பென்சிலைப் பிடிக்கவே அந்த வயதின் விரல்களுக்கு இன்னும் பலம் வந்திருக்காது.

இதற்குத் தேவை புளியங்கொட்டையும் நேரமும்தான். நல்ல வழிகாட்டியும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பாட்டு, கதை, விளையாட்டு வழியாகச் சொல்லித்தர தமிழ்நாட்டு மையங்களுக்கென்றே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் உருவாக்கப்பட்டிருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு குழந்தையின் எதிரே இடையூறு இல்லாமல் உட்கார ஆள் இல்லை என்பதே குறை.

ஆள் போட்டால் என்ன நடக்கும் என்பதும் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம், அதுவும் நம் மாநிலத்திலேயே. அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்ட்டர்ஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் 640 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களைத் தேர்ந்து, முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் வேலை செய்யும் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த மையங்களில் கற்பித்தல் நேரம் இரட்டிப்பாகியிருந்தது. கணக்கிலும் மொழியிலும் அங்குள்ள குழந்தைகள் மற்ற மையத்துக் குழந்தைகளைத் தெளிவாக முந்தியிருந்தார்கள்.

ஆனால் அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதமும், கடுமையான ஊட்டக்குறைவும் அந்த மையங்களில் குறைந்திருந்தன. புதிதாக வந்தவர் உணவு வேலைக்காக அமர்த்தப்பட்டவர் இல்லை. பாடப் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டதால், பழைய டீச்சருக்கு உடல்நல, ஊட்டச்சத்து வேலைகளுக்கு நேரம் கிடைத்தது. இரண்டு வேலைகளை ஒருவரிடம் கொடுத்து வைத்ததால் இரண்டுமே அரைகுறையாகிக் கிடந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். செலவைக் காட்டிலும் பலன் பல மடங்கு என்று கணக்கிட்ட அந்த ஆய்வு, 2024இல் ‘ஜர்னல் ஆஃப் பொலிடிகல் எகானமி’ இதழில் வெளிவந்தது. அமெரிக்காவில் 1960களில் நடந்த பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வை மேடைக்கு மேடை சொல்கிறோம். நம் ஊர்க் குழந்தைகளிடம் நடந்ததைப் பேச ஆளில்லை.

அரசு ஒரு முறை இந்தப் பக்கம் அடி எடுத்து வைத்தது. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. பெற்றோர் ஆர்வமாகச் சேர்த்தார்கள். ஆனால் அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர்களை நியமிக்காமல், உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை மாற்றி அனுப்பினார்கள். அதைத் தரமிறக்கமாகக் கருதிய ஆசிரியர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022இல் அவர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள். வகுப்புகள் நின்றுவிடும் என்ற நிலை வந்தது. எதிர்ப்பு எழுந்தபின், மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்களை வைத்து நடத்துவதாக அறிவித்தார்கள். மாதத்துக்கு 25 நாள் என்று வைத்தால் அது நாளுக்கு 200 ரூபாய். 2025-26இல் நூறு நாள் வேலைக்கு இந்த மாநிலத்துக்கென நிர்ணயிக்கப்பட்ட கூலி 336 ரூபாய். மண் வெட்டும் கூலியைவிடக் குறைத்துக் கொடுத்துவிட்டு, மூளை வேகமாக வளரும் வயது இதுதான் என்று கொள்கை ஆவணங்களில் எழுதிக்கொள்வது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இதற்கிடையே பெற்றோர் காத்திருக்கவில்லை. காலை எட்டு மணிக்கே மஞ்சள் வேன்கள் குக்கிராமம் வரை வந்து குழந்தைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. கட்டட வேலைக்குப் போகிறவரும் கடன் வாங்கி எல்.கே.ஜி. கட்டணம் கட்டுகிறார். அவரைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. தன் பிள்ளைக்கு யாராவது படிப்புச் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறார், அவ்வளவுதான். அந்தப் பணத்துக்குப் பல இடங்களில் அவருக்குக் கிடைப்பது வீட்டுப்பாடமும் மனப்பாடமும்தான். 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து இங்குள்ள ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கூலித் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளிடம் உருவான அந்த முறை, இன்று இங்கே பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்தவர்கள் படிக்கும் பள்ளியின் பெயர்ப்பலகையில் இருக்கிறது.

சட்டமும் இந்தக் குழந்தைகளைக் கைவிட்டுத்தான் வைத்திருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவு முதலில் எழுதப்பட்டபோது, 14 வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுக்குள் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. எந்த வயதிலிருந்து என்று கீழ் வரம்பு போடவில்லை. 2002இல் வந்த 86ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை, அரசு ‘முயல வேண்டும்’ என்ற வழிகாட்டு நெறியிலேயே விட்டுவிட்டது. 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் 11ஆவது பிரிவில், 3 முதல் 6 வயதுக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. 2030க்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் மழலைக் கல்வி என்று 2020இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. ஆனால் கொள்கையைக் காட்டி ஒரு தாய் வழக்குப் போட முடியாது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த 11ஆவது பிரிவை எடுத்துக்காட்டி, இம்மையங்களில் நடப்பதும் கல்விப் பணியே என்று ஏற்றுக்கொண்டது. அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

பணம் எங்கே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 54,000 மையங்கள், மையத்துக்கு ஒருவர்; அரை நாள் வேலைக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தால், ஆண்டுக்கு 648 கோடி. 2025-26இல் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கப்பட்டது 46,767 கோடி. அதில் ஒன்றரை விழுக்காடுகூட வராது. முதல் மூன்று வகுப்புகளில் எழுத்தும் எண்ணும் தெரியாமல் நிற்கும் குழந்தைகளுக்காக ‘எண்ணும் எழுத்தும்’ என்று 2022 முதல் தனித் திட்டம் நடத்துகிறோம். அது தேவையான திட்டம். ஆனால் ஆறு வயதில் அங்கே வந்து தடுமாறும் குழந்தை, அதற்கு முந்தைய இரண்டு மூன்று ஆண்டுகள் நம் மையத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

2025இல் அங்கன்வாடிகளில் 7,783 காலியிடங்களை நிரப்ப அரசு முடிவெடுத்தது. நல்லதுதான், என்றாலும் அது ஏற்கெனவே இருக்க வேண்டியவர்களை வைப்பதுதான். இரண்டாவது டீச்சர் என்பது புதுப் பணியிடம். அதே ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை எடுக்கலாம். குழந்தைகளின் பேச்சு மொழியும் வீட்டு நிலைமையும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பயிற்சியை ஒரே வாரத்தில் கொட்டி முடிக்காமல், மாதம் ஒரு நாள் என்று தொடர்ந்து கொடுக்க வேண்டும். சில ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு மழலைக் கல்விப் பட்டயம் படிக்க வழி செய்து, அதற்கேற்ற ஊதிய உயர்வும் தர வேண்டும். ஆதாயத்தோடு ஒப்பிட்டால் கூலி குறைவு என்று ஆய்வு சொல்வதை, கூலியைக் குறைவாகவே வைத்துக்கொள்வதற்கான அனுமதியாக அரசு எடுத்துக்கொள்ளக் கூடாது.

பணியாணையிலேயே இன்னொன்றையும் எழுதி வைக்க வேண்டும். இவரிடம் பதிவேடு, எடைக் கணக்கு, செயலி, கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல் எதையும் ஒப்படைக்கக் கூடாது. இரண்டாவது ஆள் வந்துவிட்டார் என்று தெரிந்த மறுமாதமே வட்டார அலுவலகத்திலிருந்து அவருக்கும் ஒரு படிவம் வரும். துறைக்குத் துறை நாம் பார்த்துப் பழகிய வழக்கம் அது. அப்படி முதல் படிவம் வரும் நாளில், அந்த மையத்தின் பெற்றோர் அதைத் திருப்பி அனுப்பும் உரிமையோடு இருக்க வேண்டும்.