உயிரின் தடமும் உறுதியின் அளவும்

கே2-18பி என்னும் புறக்கோள் சிம்ம விண்மீன் தொகுதியில், 124 ஒளியாண்டுத் தொலைவில், மங்கிய செங்குறுமீன் ஒன்றை 33 நாள்களில் சுற்றி வருகிறது. அதன் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்பைடோ அதையொத்த பிறிதொரு சேர்மமோ இருப்பதற்கான தடம் தென்பட்டதாக, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழுவினர் 2025 ஏப்ரலில் அறிவித்தனர். புவியில் டைமெத்தில் சல்பைடு வளியைப் பெரும்பாலும் கடல் நுண்பாசிகளே உண்டாக்குகின்றன. வேற்றுலகில் உயிர் கண்டாயிற்றென்றே செய்தி பரவிற்று.

அத்தடத்தின் உறுதியோ, சிக்மா என்னும் புள்ளியியல் அளவில், மூன்று. வெறும் தற்செயலாலும் அத்தகைய தடம் தோன்ற ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு உண்டு. கண்டுபிடிப்பென ஏற்க அறிவியலார் வேண்டுவது ஐந்து சிக்மா. குழுவினர் இதனை மறைக்கவில்லை; மேலும் 16 முதல் 24 மணி நேரம் நோக்க வேண்டுமென்று தாமே கூறினர். தலைப்பெழுதியோர்தாம் அதனை விட்டுவிட்டனர்.

இவ்வாய்வின் நுண்மையை எண்ணுக. கோள் தன் விண்மீனின் முகத்தைக் கடக்கையில் நம்மை எட்டும் ஒளி ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு குறைகிறது. கோளின் விளிம்பில் படர்ந்த வளியினூடே சிறிது ஒளி கசிந்து வரும். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குரிய அகச்சிவப்பு அலைநீளங்களை விழுங்குவதால், அவ்வலைநீளங்களில் மட்டும் கோள் சற்றே பருத்துத் தோன்றும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி தேடுவது அந்தப் பருமையையே. அது விண்மீன் ஒளியில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்களவே. விண்மீனின் கரும்புள்ளிகளும், கருவியின் இரைச்சலும், தரவைச் சீர்செய்யும் முறையும் அதே அளவுள்ள பொய்த்தடத்தைத் தோற்றுவிக்க வல்லவை. அதே தரவை மீண்டும் ஆராய்ந்த பிற குழுக்கள் உறுதியான சான்று இல்லையென்றன. தடம் மெய்யே ஆயினும் அது உயிருக்குச் சான்றாகிவிடாது: டைமெத்தில் சல்பைடு வால்மீன் ஒன்றிலும் காணப்பட்டுள்ளது. அங்கு உயிர் உண்டென எவரும் கூறார்.

இக்கோளே முன்னும் நமக்குப் பாடம் புகட்டியது. 2019இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் நீராவி கண்டதாகக் கொண்டாடினர். 2023இல் வெப் காட்டியதோ மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும். முன்னர் நீராவியெனக் கருதிய தடம் மீத்தேனுடையதாகவே இருக்கக்கூடும்.

புவிக்கு அப்பால் உயிர் உண்டோ என்பது மாந்தர் கேட்ட வினாக்களில் தலையாயது. அதற்கு விடை காணும் வேட்கையில் யாம் எவர்க்கும் இளைத்தோரல்லோம். அதனாலேயே கேட்கிறோம்: புதிய கோள்களை நாடுமுன் இக்கோளின் கடப்புகளை மீண்டும் மீண்டும் நோக்குதற்கு வெப் தொலைநோக்கியின் நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அத்தரவைத் தொடர்பற்ற குழுக்கள் தனித்தனியே ஆராய வேண்டும். இதழ்கள், உயிர் என்னும் சொல்லைத் தலைப்பில் இடும் நாளில், சிக்மா எத்தனை என்பதையும் முதற்பத்தியிலேயே அச்சிட வேண்டும்.