ஊருக்குள்ளயா, காலனியா?

திருப்பூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் மூன்று கேள்விகள் வரும். எத்தனை பேர், எந்தக் கம்பெனி, எந்த ஊர். முதல் இரண்டுக்கும் பதில் சொல்வதில் யாருக்கும் சிரமமில்லை. மூன்றாவதற்கு அவிநாசி, சேவூர்ப் பக்கம் ஏதாவது ஓர் ஊரைச் சொல்லிவிட்டால், நான்காவது கேள்வி தானாக வந்து நிற்கும்.

"ஊருக்குள்ளயாங்க, காலனிங்களா?"

அனுப்பர்பாளையத்தைத் தாண்டி ஒரு லைன் வீட்டில் நானும் அம்மாவும் பதினான்கு மாதங்கள் குடியிருந்தோம். நாங்கள் அருந்ததியர். அந்த நான்காவது கேள்விக்கு அம்மா சொன்ன பதில், "ஊருக்குள்ளதாங்க." நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். சாதியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன், மேடையில் பேசுகிறவன், வாயைத் திறக்கவில்லை. இதை எழுத ஒரு வருடம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

லைன் வீடு என்பது எதிரெதிராக ஐந்தும் ஐந்துமாகப் பத்து வீடுகள். நடுவில் இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அளவுக்குச் சந்து. ஒரே அறை, அதிலேயே ஒரு தடுப்பு வைத்துச் சமையல். கோடியில் இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை, துவைக்கிற கல், உப்புத்தண்ணித் தொட்டி. நல்ல தண்ணி எப்போது வருமோ அப்போது வரும். வந்த நேரத்தில் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் எல்லோருடைய குடத்தையும் பிடித்து வைப்பார்கள். காலை எட்டரைக்குப் போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டு மணிக்குத் திரும்புகிற ஊரில் வேறு எப்படியும் வாழ முடியாது. மூன்றாம் வீட்டு அக்கா ஓவர்லாக் டெய்லர். அம்மாவுக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி. குழம்புக் கிண்ணங்கள் சந்தைத் தாண்டிப் போய்வரும். எந்தக் கிண்ணமும் காலியாகத் திரும்பாது, ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர் முன்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாதான். அதை மறைத்தால் இரண்டாவது பொய்யும் சொன்னவனாவேன். அந்த லைனில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

மாமா மகளுக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகை வைக்க வந்த மாமா, மரியாதைக்காக வீட்டுக்காரம்மாவுக்கும் வெற்றிலை பாக்கோடு ஒரு பத்திரிகையை நீட்டிவிட்டார். அந்தம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பத்திரிகையின் அடியில் பெண் வீட்டு முகவரி. ஊர்ப் பெயருக்கு முன்னால் காலனி.

யாரும் எங்களைத் திட்டவில்லை. சாதி என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிண்ணம் கழுவிக் காலியாகத் திரும்பி வந்தது. அடுத்த வாரம், "பையனுக்குக் கல்யாணம் பேசறமுங்க, வீடு தேவைப்படுது" என்றார். அட்வான்ஸில் வெள்ளையடிக்கக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார். நாங்கள் காலி செய்த பத்தாம் நாள் அந்த வீட்டில் ஒடிசாப் பையன்கள் ஆறு பேர் குடிவந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாடகை.

அந்த ஆறு பேரில் தலித்துகள் இருந்திருக்கலாம். அந்தம்மா கேட்கவில்லை. கேட்டுப் பதில் வந்தாலும் அந்தச் சாதிப் பெயர் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்காது. திருப்பூர் வாடகை வீட்டில் சாதியைக் கண்டுபிடிக்கும் கருவி ஊர்ப் பெயர்தான். ஊரையும் தெருவையும் அறிந்தவருக்கு மட்டுமே அது வேலை செய்யும். அதனால் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி வந்தவருக்குக் கிடைக்கிற கதவு, இருபது கிலோமீட்டரில் இருந்து வருகிற அருந்ததியருக்குக் கிடைப்பதில்லை. இதனால் வடமாநிலத் தொழிலாளர்கள் சொகுசாக இருக்கிறார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆறு பேர் ஒரே அறையில் படுப்பது சொகுசில்லை. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவியபோது இந்த ஊரில் எவ்வளவு பயம் இருந்தது என்பதையும் பார்த்தோம்.

மூன்றாம் வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விஷயம் தெரிந்த பிறகு, நாங்கள் இருந்த கடைசி மூன்று வாரமும் அவர் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. ஆனால் கம்பெனியில் மதியம் அம்மாவோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டார். இன்றைக்கும் அப்படித்தான், டிபன் பாக்ஸில் இருப்பதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதே அக்கா, அதே சோறு. கம்பெனியில் கணக்குக் கேட்க யாருமில்லை, பீஸ் எண்ணிக்கை மட்டும்தான். லைனிலோ முன்வீட்டுத் திண்ணையில் உரிமையாளரின் கண் இருக்கிறது. அக்காவும் அங்கே வாடகைக்கு இருப்பவர்தான். நகரத்துக்குப் போனால் சாதி கரைந்துவிடும் என்று நாம் பேசும்போது நகரம் என்று எதை நினைத்துக்கொள்கிறோம்? மெஷின் இருக்கும் இடத்தையா, படுத்துறங்கும் இடத்தையா?

காலையில் கம்பெனி வேன்கள் கிராமம் கிராமமாகப் போய் ஆளேற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். களப்பணியில் அந்தத் தொழிலாளர்களிடம், தினமும் இவ்வளவு தூரம் அலைவதற்குத் திருப்பூரிலேயே குடியிருக்கலாமே என்று கேட்பேன். வாடகை கட்டுபடியாகாது என்பார்கள். அது உண்மை. இரண்டாவது டீ குடிக்கும்போதுதான் இன்னோர் உண்மையும் வரும்.

கிராமங்களில் இதே கோடு கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. 2018 ஜூலையில் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் தகராறு செய்தார்கள். சேவூரில் தேவேந்திரன் நகருக்கும் விஐபி நகருக்கும் நடுவே நின்ற சுவரின் ஒரு பகுதி 2024 பிப்ரவரியில்தான் இடிக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் சுவர் விழுந்து 17 தலித்துகள் இறந்தார்கள். சுவர் என்றால் இடிக்கச் சொல்லிப் போராடலாம், படம் எடுத்துப் போடலாம். "பையனுக்குக் கல்யாணமுங்க" என்பதை எப்படிப் படம் எடுப்பது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பெயரால் தடுப்பதைத் தன் நான்காம் பிரிவில் குற்றம் என்கிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸ் எவ்வளவு, ஒப்பந்தத்தை எங்கே பதிய வேண்டும் என்றெல்லாம் பேசுகிறது. சாதி கேட்டு வீடு மறுப்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. 1998இல் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடர்களுக்கு, மற்றவை பிற சாதிகளுக்கு என்று கலந்து கொடுத்தார்கள். யாருக்குப் பக்கத்து வீட்டில் யார் என்பதை அரசு முடிவு செய்த அபூர்வமான இடம் அது. லைன் வீட்டில் அதை வீட்டுக்காரர்தான் முடிவு செய்கிறார்.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் நான்காவது கேள்விக்குச் சொல் பஞ்சம் வராது. "எந்தக் கோயிலுங்க உங்களுக்கு?" என்று கேட்டால் போதுமே.

இரட்டைக் குவளையை எதிர்த்தோம். கோயில் நுழைவுக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் போராடினோம். வாடகை வீட்டுக்காக ஒரு ஆர்ப்பாட்டம் நடந்து நான் பார்த்ததில்லை. அவரவர் வீடு, அவரவர் விருப்பம் என்று நம் தோழர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். டீக்கடையும் தனியார் சொத்துதானே, அங்கே ஏன் விருப்பத்துக்கு விடவில்லை? (மாடி வீட்டைத் தரகரிடம் சொல்லி "நல்ல ஃபேமிலியாப் பார்த்து" வாடகைக்கு விடும் முற்போக்காளர்களையும் எனக்குத் தெரியும்.)

சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் டெல்லி வட்டாரத்தில் ஒரு சோதனை செய்து 2015இல் வெளியிட்டார்கள். ஆதிக்க சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் ஆட்கள் தனித்தனியே வாடகைக்கு வீடு கேட்டார்கள். தலித்துகளும் முஸ்லிம்களும் அதிகமாக மறுக்கப்பட்டார்கள். திருப்பூரில் அதைச் செய்யப் பெரிய நிதியெல்லாம் வேண்டாம். ஒரே சம்பளம், ஒரே அளவு குடும்பம், ஊர்ப் பெயர் மட்டும் வேறாக இரண்டு பேர், சில ஞாயிற்றுக்கிழமைகள். வரத் தயாராக இருப்பவர்கள் எழுதுங்கள். கிடைத்ததை எழுதி வைத்து, 1955 சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போவோம். எஃப்ஐஆர் போடுகிறார்களா என்பதும் ஓர் ஆய்வு முடிவுதான்.

புது வீட்டுக்கு அம்மா தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். என்னைக் கூட்டிப் போகவில்லை. வாடகை முன்பைவிட ஐந்நூறு அதிகம், கம்பெனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அந்த வீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டதும், அடுத்த கேள்வி வருவதற்குள், "காலனிங்க" என்று சொல்லிவிட்டாராம்.

"என்னம்மா சொன்னார்?"

"கரண்டுக்கு யூனிட்டுக்கு எட்டு ரூவாய்ன்னாரு. அஞ்சாம் தேதிக்குள்ள வாடகை வந்துரணுமாம்."