கூத்தாடி என்னும் பெயர்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துப் போற்றிய முன்னோர் வழிவந்த நாம், முதலிரண்டனையும் முற்றத்தில் அமர்த்தி மூன்றாவதனை வாயிற்படியிலேயே நிறுத்தி வைத்திருக்கின்றோம். புலவர் என்றால் எழுந்து நின்று வணங்குகின்றோம். பாடகர் என்றால் பொன்னாடை போர்த்துகின்றோம். கூத்தாடி என்பதையோ ஒருவரை இகழ வேண்டுங்கால் எடுத்து எறியும் கல்லாக வைத்திருக்கின்றோம். தாய்மொழியின் மூன்றிலொரு கூற்றின் பெயரே வசையாக வழங்கும் இந்நிலை நேரிதுதானா என்பதை ஒரு நடிகரின் தொழில் வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் பிறந்த அல்லிநகரம் தேனியோடு இணைந்து ஒரே நகராட்சியாக விளங்கும் ஊர். இயக்குநர் பாரதிராஜா பிறந்ததும் இவ்வூரிலேதான். ஆதலின் எம்மூர்த் தேநீர்க் கடைகளிலே திரைப்படப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. சென்னைக்குப் பேருந்தேறிவிட்டால் திரையில் தோன்றிவிடலாம் என நம்பும் இளைஞரும், 'கூத்தாடியாகவா போகிறாய்?' என்று கண்கலங்கும் பெற்றோரும் ஒரே தெருவில், சிற்சில இடத்து ஒரே வீட்டில், வாழ்கின்றனர். இவ்விரு சாராரும் தம்முள் மாறுபட்டவர்போல் தோன்றினும் இருவர் பிழையும் ஒன்றே. முகமும் துணிவும் இருந்தால் போதும் என்பது மகனின் எண்ணம். அது தொழிலென்று சொல்லத்தக்கதே அன்று என்பது தந்தையின் எண்ணம். நடிப்பு ஒரு கல்வி என்பதை இருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும் நடிகரை எம்மக்கள் அறியாதவரல்லர். சேடபட்டியில் பிறந்து, சிறுவயதிலேயே பாலர் நாடகக் குழுவிற் சேர்ந்து, டி. கே. எஸ். சகோதரர் மேடையில் வளர்ந்த எஸ். எஸ். இராசேந்திரனை 1962ஆம் ஆண்டில் சட்டமன்றத்துக்கு அனுப்பிவைத்தது தேனித் தொகுதியே. மேடைப் பிள்ளையாகிய ஒருவரைத் தலைவராக்கத் தயங்காத ஊர், தன் பிள்ளை மேடையேறுதற்கு மட்டும் நாணுவது ஏன்? புகழ் பெற்ற பின்னர் வணங்குகின்றோம். புகழுக்கு முந்திய உழைப்பைக் காண மறுக்கின்றோம். குறை இங்கேதான் உள்ளது.

1977ஆம் ஆண்டு தமிழ் நடிப்புக் கலைக்கு ஒரு திருப்பமான ஆண்டு. அவ்வாண்டிலே எம்மூர் மைந்தரின் 'பதினாறு வயதினிலே' வெளிவந்து, சிற்றூரையும் அதன் மாந்தரையும் திரையின் நடுவே நிறுத்தியது. அவ்வாண்டிலேயே சென்னையில், தஞ்சைத் தரணியின் புஞ்சை என்னுஞ் சிற்றூரிற் பிறந்த எழுத்தாளர் ந. முத்துசாமி, கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்தார். முன்னது நாடெங்கும் பறைசாற்றப்பட்டது. பின்னது சிலரே அறியச் சிறிதாய்ப் பிறந்தது. தெருக்கூத்தைக் கண்டு வியந்து, படிப்பறியாதார் பொழுதுபோக்கு என நகரத்தார் ஒதுக்கிய அக்கலையே தமிழரின் செவ்விய நாடகம் எனத் துணிந்தவர் முத்துசாமி. புரிசை ஊரின் கண்ணப்பத் தம்பிரான் போன்ற கூத்தாசிரியரோடு தம் மாணவரைப் பழக்கி, அடவும் குரலும் உடலும் ஒருங்கே பயிலும் பள்ளியொன்றை அவர் அமைத்தார். 2012ஆம் ஆண்டு பத்மசிறீ விருது பெற்ற அப்பெரியார் 2018ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மறைந்தார். பசுபதி, கலைராணி முதலியோர் அப்பட்டறையில் உருவானவரே. விசய் சேதுபதியும் அங்குக் கணக்கெழுதும் பணியிலிருந்தவாறு நடிப்பைக் கண்டு கற்றவர் என்பர்.

அப்பள்ளியில் 2002ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பயின்றும் நடித்தும் வாழ்ந்தவர் குரு சோமசுந்தரம். ஒன்பது ஆண்டு என எழுதுவது எளிது. ஒரு மாணவன் பள்ளியிறுதி தேறிப் பட்டமும் மேற்பட்டமும் பெற்று, ஆராய்ச்சியும் முடித்து வெளிவரும் காலம் அது. அக்காலமெல்லாம் பெருந்திரளான மக்கள் அவர்தம் பெயரை அறிந்திலர். அவர் நடித்தவற்றுள் ஒன்று பம்மல் சம்பந்த முதலியார் இயற்றிய 'சந்திரஹரி'. மறந்தும் பொய் சொல்லாத அரிச்சந்திரன் கதையைத் தலைகீழாக்கி, மறந்தும் மெய் சொல்லாத ஒருவனைத் தலைவனாக்கிய நகை நாடகம் அது. அதனை இயற்றிய முதலியாரோ 1891ஆம் ஆண்டு சுகுண விலாச சபையை நிறுவி, வழக்கறிஞரையும் அலுவலரையும் மேடையேற்றி, தாமே நீதிபதியாக இருந்தும் அரிதாரம் பூச அஞ்சாதவர். அந்நாடகத்தில் சோமசுந்தரம் சந்திரஹரியாகத் தோன்றியதைக் கண்ட தியாகராசன் குமாரராசா, பின்னாளில் தாம் இயக்கிய முதற் படத்திற்கு அவரை அழைத்தார்.

அப்படமே 2011ஆம் ஆண்டு வெளிவந்த 'ஆரண்ய காண்டம்'. வணிக வழக்கினின்று விலகிய அப்படம் அரங்குகளில் நெடுநாள் ஓடவில்லை. ஆயினும் முதற்பட இயக்குநருக்குரிய தேசிய விருதைப் பெற்றது. அதில் வாழ்ந்து கெட்ட குடியினனாய், கோழிச்சண்டையை நம்பி மகனோடு நகரத்தில் அலையும் காளையனாக வந்தார் சோமசுந்தரம். திரையில் முதன்முதலாக அவர் முகம் பலர்க்கும் தெரிந்தபோது முப்பது வயதை அவர் கடந்திருந்தார். 2014ஆம் ஆண்டு வந்த 'சிகர்தண்டா'வில் முரடர்க்கு நடிப்புக் கற்பிக்கும் ஆசிரியர் வேடம். தம் பள்ளியின் பாடத்தையே நகைச்சுவைப் பொருளாக்கி நம்மைச் சிரிக்கவைத்தார். 2016ஆம் ஆண்டு இராசு முருகன் இயக்கிய 'சோக்கர்' படத்திலே, அரசின் கழிப்பறைத் திட்டத்தில் நிகழ்ந்த ஊழலால் மனைவி உணர்விழந்து கிடக்க, அறிவு திரிந்து, தன்னையே இந்நாட்டின் குடியரசுத் தலைவனாக அறிவித்துக்கொள்ளும் மன்னர் மன்னனானார். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. 2021ஆம் ஆண்டு 'மின்னல் முரளி' என்னும் மலையாளப் படத்திலே ஊரார் ஒதுக்கிய சிபுவாக வந்து, பகைவன் வேடத்தைக் கண்டு பார்ப்போர் பரிவு கொள்ளும்படி செய்தார். வேற்றுமொழி பேசும் அண்டை நாட்டாரும் அன்று முதல் அவரைத் தம்மவராகவே கொண்டனர்.

இவ்வேடங்களை ஒருசேர நிறுத்திப் பார்த்தால் ஓருண்மை புலனாகும். பொய்யே பேசும் சந்திரஹரியின் வாயிலாக, மெய் பேசுவதாய்ச் சொல்லிக்கொள்ளும் உலகத்தின் பொய் வெளிப்படுகின்றது. போலிக் குடியரசுத் தலைவனின் பித்துப் பேச்சில், பித்தில்லாதார் பேச மறந்த நீதி ஒலிக்கின்றது. நடிகன் பொய்வேடம் புனைகின்றான் என்பது உண்மையே. ஆயினும் அப்பொய் யாரையும் ஏய்ப்பதில்லை. அவனும் அறிவான், நாமும் அறிவோம். அறிந்தே இருதிறத்தாரும் கூடி மெய்யைத் தேடுகின்றோம்.

கிறித்தவராகிய எமக்கு இது தனியே சிந்திக்கத் தக்கது. நற்செய்தி நூல்களில் நம் ஆண்டவர் பரிசேயரை மாயக்காரர் என்று கடிந்துரைத்தார் எனத் தமிழ் வேதாகமத்திற் படிக்கின்றோம். அவ்விடத்துக் கிரேக்க மூலத்தில் உள்ள 'ஹுப்போக்ரிட்டேஸ்' என்னுஞ் சொல், முதற்கண் மேடை நடிகனையே குறித்தது. இதனைக் காட்டி நடிப்பே தீது என்பாரும் உளர். யாம் அவ்வாறு கொள்ளவில்லை. மேடையில் முகமூடி அணிபவன் நாடகம் முடிந்ததும் அதனைக் கழற்றிவிடுகின்றான். தெருமுனையில் நின்று செபிப்பவனோ அணிந்ததைக் கழற்றுவதே இல்லை. கடியப்பட்டது மேடைக்கு வெளியே நிகழும் நடிப்பு அன்றோ?

திருச்சபையின் பழைய ஆசிரியருள் தெர்த்துல்லியன் களியாட்டுக் காட்சிகளைக் கண்டித்து ஒரு நூலே இயற்றினார். அவர் காலத்து உரோமர் அரங்குகள் குருதி தோய்ந்தவை, அக்கண்டனம் தக்கதே. ஆயினும் பின்வந்த திருச்சபை மேடையைத் தன் பணிக்குக் கொண்டது. செருமானிய நாட்டு ஓபரம்மர்காவ் ஊரார் 1634ஆம் ஆண்டு தொடங்கிய திருப்பாடுகளின் நாடகத்தைப் பத்தாண்டுக்கொருமுறை நடத்தும் வழக்கமுடையர். 2022ஆம் ஆண்டிலும் நடத்தினர். நம் நாட்டில் சங்கரதாசு சுவாமிகள் வள்ளி திருமணத்தோடு கிறித்தவக் கதையாகிய ஞானசௌந்தரியையும் நாடகமாக்கினார். அக்கதை 1948ஆம் ஆண்டு ஒன்றுக்கு இரண்டாய்த் திரைப்படமாகவும் வந்தது. ஆதலின் மேடை நமக்கு அயலதன்று.

ஈண்டு இரண்டு தடைகள் எழும். 'பயிலாதாரும் திரையில் நன்கு நடிக்கக் காண்கின்றோமே' என்பது முதலாவது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' எம் மாவட்டத்து மலையடிவாரத்தையும், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஏறியிறங்கும் கூலியாட்களையும் காட்டிய படம். எம் பகுதியினராகிய இலெனின் பாரதி இயக்க, விசய் சேதுபதி முதலீட்டில் உருவான அப்படத்தில் இப்பகுதி மக்கள் பலர் அரிதாரமின்றித் தோன்றி உள்ளத்தை உருக்கினர். மறுக்கவில்லை. ஆனால் மூட்டை சுமந்து மலையேறுதலை அவர்க்கு எவரும் கற்பிக்கவேண்டுவதில்லை. வாழ்க்கையே அவர்தம் பயிற்சிப் பள்ளி. தானாகவே தோன்றுதற்கு வாழ்ந்த வாழ்வு போதும். காளையனாகவும் மன்னர் மன்னனாகவும் சிபுவாகவும் மாறி மாறித் தோன்றுதற்கு அது போதாது. பிறன் ஒருவனின் துயரைத் தன் உடம்பில் குடியேற்றுதற்கு உடம்பைப் பல்லாண்டு திறந்துவைத்துப் பழக வேண்டும்.

'மேடை சோறு போடுமா?' என்பது இரண்டாந் தடை. இதனை எள்ளி ஒதுக்க யாம் ஒருப்படோம். கேட்கும் தந்தையின் கண்ணீர் மெய்யானது. கூத்துப்பட்டறையும் ஃபோர்டு அறக்கட்டளை போன்றவற்றின் உதவி பெற்றே நடிகரைப் பேண வேண்டியிருந்தது. செல்வம் மிக்க அமெரிக்காவிலும் நிலை இதுவே. ஆங்கு சான் கசவெட்டீசு என்பார், நடிப்புப் பயிற்சிக் கூடமொன்றிற் பிறந்த 'நிழல்கள்' என்னும் படத்தை 1959ஆம் ஆண்டு வெளியிட்டார். பிறர் படங்களில் நடித்து ஈட்டிய பொருளைக் கொண்டே தம் தனிமுயற்சிப் படங்களை அவர் எடுத்தார். மேடையில் தேர்ந்த அவர்தம் மனைவி சீனா ரோலண்ட்சு அப்படங்கள் பலவற்றில் நடித்து அழியாப் பெயர் பெற்றார். வறுமை கலையின் சிறப்பன்று. அதனைப் போக்குதல் சமுதாயத்தின் கடமையேயன்றி, கலையை இகழ்தற்கு ஏதுவாகாது.

இகழ்ச்சியோ வறுமையினும் கொடிது. மதுரையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் திருவிழா இரவுகளில் நடக்கும் இசை நாடகங்களை நாம் அறிவோம். வெவ்வேறூரினின்று தனித்தனியே வந்து சேரும் நடிகர், கூடி ஒத்திகை பாராமலே அன்றிரவு மேடையேறி விடியும்வரை நடிப்பர். சூசன் சைசர் என்னும் அமெரிக்க அறிஞர் அவரிடையே பழகி, அவர்கள் சுமக்கும் பழிச்சொல்லைப் பற்றியே ஒரு நூலெழுதி 2005ஆம் ஆண்டு வெளியிட்டார். விடியும்வரை கண்டு மகிழ்ந்துவிட்டு, விடிந்தபின் அவர்க்கு வீடு வாடகைக்குத் தரவும் பெண் கொடுக்கவும் தயங்கும் நம் வழக்கத்தைக் கடல்கடந்து வந்த ஒருவர் எழுதிக்காட்ட வேண்டியிருந்தது.

சிலப்பதிகாரத்து மாதவி ஐந்தாம் வயதிற் பயிலத் தொடங்கி, ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். அவளுக்கு ஆடலாசான், இசையாசான், குழலோன், யாழாசான் எனப் பலர் துணை நின்றதை இளங்கோவடிகள் விரித்துரைக்கின்றார். நடிப்பைக் கல்வியென்று போற்றிய நாடு இது. அரங்கேற்று காதையைத் தேர்வுக்காகப் படிக்கும் நாம், ஆண்டுவிழாவுக்குப் பத்து நாள் முன்னர் வசனத்தை உருப்போட்டு, திரைப்படத் தலைவர்களின் குரலையும் நடையையும் மேடையில் ஒப்பித்துக் கைதட்டல் பெற்று அமைகின்றோம். இஃது அரங்கேற்றமாகுமா?

ஆதலின் நம் கல்லூரியில் ஆண்டு முழுதும் இயங்கும் நாடகப் பயிற்சிக் கழகமொன்று அமைதல் வேண்டும். அதில் உடற்பயிற்சியும் குரற்பயிற்சியும் முறையாக நடைபெறல் வேண்டும். நம் பகுதிக் கூத்தாசிரியரும் இசை நாடக நடிகரும் ஆசிரியராக அழைக்கப்பட்டு, ஏனைய ஆசிரியர்க்குரிய இருக்கையும் ஊதியமும் பெறல் வேண்டும். பழைய மாணவர் இதற்குப் பொருளுதவி புரிவராயின் அது வீண்போகாது. அக்கழகத்தில் சேர்வோர் அனைவரும் நடிகராகார். ஆயினும் பிறர் துயரைத் தம் உடம்பால் உணர்ந்து பார்த்தோர் நல்லாசிரியராகவும் நன்மருத்துவராகவும் நற்குடிகளாகவும் திகழ்வர்.

செல்வத்தின் வரவையும் செலவையும், கூத்துக்காணத் திரண்டு பின் கலையும் கூட்டத்தோடு ஒப்பிட்டார் வள்ளுவர். கூட்டம் கலையத்தான் கலையும். கலைந்த பின்னரும் வெற்றுமேடையில் நின்று நாளைய வேடத்துக்காக உடம்பை வளைத்துப் பழகும் ஒருவன் உளன். தாலந்தைப் புதைத்து வையாமல் பெருக்கிய ஊழியனாக அவனை மதிப்போமாக. அல்லிநகரத்துத் தந்தையொருவர் தம் மகனை நோக்கிக் 'கூத்தாடியாகவா போகிறாய்?' என்பதற்கு மாறாக, 'எத்தனை ஆண்டு பயிலப் போகிறாய்?' என்று வினவும் நாள் வருவதாக. அவ்வினாவுக்கு நாணாமல் விடைகூறும் உரத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் இளைஞர்க்கு அருள்வானாக.