கறுப்புப் பெட்டி போட்டால் டெர்மினல் ஆகிவிடாது

அப்பாவின் புகைப்படங்களை ஹார்ட் டிஸ்க்கில் பிரதியெடுக்க ஒரு சிறு செயலி எழுதினேன். பொத்தானை அழுத்தினால் பைத்தான் ஸ்கிரிப்ட் ஓடும்; அது சொல்வதெல்லாம் கீழே கறுப்புப் பெட்டியில் தெரிய வேண்டும். அப்பா அழுத்தியபோது பெட்டி வெறுமையாகவே கிடந்தது. "தம்பி, இது இறுகிப்போச்சு" என்று பாதியில் மூடிவிட்டார். பாதிப் படங்கள் ஏறவேயில்லை.

பிழை என்னுடையது. ஸ்கிரிப்ட்டைப் பைப் வழியாக இணைத்திருந்தேன். எதிரே இருப்பது பைப் என்றால் பைத்தான் வரிகளை உடனே அனுப்பாது. சேர்த்துவைத்து மொத்தமாகத் தள்ளும். பல நிரல்கள் நிறத்தையும் விட்டுவிடும். விம் ஒழுங்காக ஓடாது.

இதற்காகவே லினக்ஸிலும் மேக்கிலும் பி.டி.ஒய். எனும் போலி முனையம் இருக்கிறது. அதை வைத்தால் உண்மையான டெர்மினலோடு பேசுவதாக நிரல் நம்பும். விண்டோஸிலும் 2018 முதல் கான்பி.டி.ஒய். உண்டு. திரையில் காட்டும் பகுதியையும் நீங்கள் எழுதத் தேவையில்லை: ஜி.டி.கே.வுக்கு வி.டி.இ., கே.டி.இ.க்குக் கான்சோல், வி.எஸ். கோடில் இருக்கும் எக்ஸ்டெர்ம்.ஜே.எஸ். எல்லாமே திறந்த மூலம்.

கே.டி.இ.யின் டால்ஃபினில் எஃப்4 அழுத்திப் பாருங்கள். கோப்புறையை மாற்றினால் கீழே டெர்மினலும் கூடவே வரும். பொத்தானும் கட்டளையும் அப்படித்தான் சேர்ந்து வாழ வேண்டும்.

அப்பாவுக்குக் கட்டளை எதுவும் தெரியாது. ஆனால் வேலை நடக்கிறதா என்று அறியும் உரிமை அவருக்கும் உண்டு. டெர்மினலைக் காட்டுவதென்றால் உண்மையானதையே காட்டுங்கள்.