மங்கையரும் உதைபந்தாட்டமும்

வற்றாப்பளையிற் பிறந்தவர்க்கு மதுரை என்பது தூரத்து ஊரொன்றின் பெயரன்று. நீதி கேட்டு மதுரையை எரித்த கண்ணகி ஈழம் போந்து பத்தாவதாகத் தங்கிய இடம் இதுவென்றும், பத்தாப்பளை என்ற பெயரே வற்றாப்பளையெனத் திரிந்ததென்றும் எம்மூரார் வழிவழியாகக் கூறி வருகின்றனர். ஆதலால், 2019ஆம் ஆண்டு வைகாசித் திங்களில் மதுரைப் பெண்கள் அணியொன்று பாரதத்தின் உதைபந்தாட்ட வெற்றிக்கிண்ணத்தைப் பெற்றதென்ற செய்தி, எமக்கு உறவினர் வீட்டு நற்செய்தி போலவே இனித்தது.

இந்திய மகளிர் லீக் போட்டி 2016-17இல் ஆரம்பமாயிற்று. அதன் மூன்றாவது தொடரின் இறுதியாட்டம் 2019 மே 22ஆம் நாள் பஞ்சாப் மாநிலத்து லூதியானா நகரில் நிகழ்ந்தது. மதுரைச் சேது அணி, மணிப்பூர்ப் பொலீஸ் அணியை 3-1 என்ற கோல் கணக்கில் வென்றது. மணிப்பூர் பெண்கள் உதைபந்தாட்டத்திற்குப் பேர்போன மாநிலம். இப்போட்டியின் முதலாவது கிண்ணமும் இம்பால் நகர் அணியொன்றுக்கே உரியதாயிற்று. அத்தகைய மாநிலத்தின் அணியைத் தமிழ்நாட்டு அணியொன்று வென்றது சிறு காரியமன்று.

ஆயினும், வெற்றியைப் பாராட்டுவதோடு நின்றுவிடுதல் அறிவுடைமையாகாது. இறுதியாட்டம் தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன்பின் அப்பெண்கள் எதைக்கொண்டு வாழ்கின்றனர் என்பதன்றோ கேள்வி? அன்று தோற்ற அணி பொலீஸ் அணி. சேது அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசனும் தமிழ்நாட்டுப் பொலீஸில் உத்தியோகம் பார்ப்பவர். சீருடை சோறு போட, ஓய்வு வேளையில் ஆட்டம் நடந்தது என்பதே உண்மை. 2019இல் அத்தொடரின் இறுதிச் சுற்று முழுவதும் ஒரே நகரில் மூன்று கிழமைக்குள் முடிந்துவிட்டது. மூன்று கிழமை நடக்கும் ஆட்டத்தை ஒருத்தி தன் சீவனோபாயமாகக் கொள்ளுதல் எங்ஙனம்? 2023-24 முதல் அணிகள் தத்தம் ஊரிலும் எதிரணியின் ஊரிலுமாகப் பல மாதம் ஆடும் முறை வந்துள்ளது. தனி இறுதியாட்டத்தின் ஆரவாரம் அதில் இல்லை. ஆனால் ஆடுபவர்க்கு அதுவே பெரிய வெற்றி. சேது அணியில் ஆடிய நேபாளத்துச் சபித்திரா பண்டாரியும் முன்னர் தம் நாட்டு ஆயுதப் பொலீஸ் அணியில் ஆடியவரே. அவர் 2024இல் பிரான்சு நாட்டுக் கழகமொன்றிற் சேர்ந்து ஆடினார். வழி திறந்தால் பெண் எவ்வளவு தூரம் செல்வாள் என்பதற்கு இஃதோர் உதாரணம்.

“பெண்களின் ஆட்டத்தை யார் பார்க்கப் போகின்றனர்?” எனக் கேட்போர் உளர். அவர்கள் இங்கிலாந்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்பாராக. 1920 டிசம்பர் 26ஆம் நாள் லிவர்பூலில், பிரெஸ்டன் நகரத்து ஆலைத் தொழிலாளப் பெண்களின் டிக் கேர் அணி ஆடியதைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே ஆங்கில உதைபந்தாட்டச் சங்கத்தார், இவ்வாட்டம் பெண்களுக்குப் பொருந்தாதென்று கூறி, தம்மைச் சேர்ந்த கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு வழங்கலாகாதெனத் தடுத்தனர். ஆட்டத்தை எவரும் சட்டத்தால் ஒழிக்கவில்லை. மைதானத்தை மறுத்தார்கள், அவ்வளவே. அதுவே ஐம்பது ஆண்டுக்காலம் அதனை நலியச் செய்யப் போதுமானதாயிற்று.

நாம் அப்படி எத்தடையும் விதிக்கவில்லை, உண்மை. ஆனால் விதிக்காமலே அதனை நடைமுறைப்படுத்தி வருகின்றோம். நந்திக்கடலோரத்து வெளிகளில் மாலைதோறும் பையன்கள் பந்துதைக்கின்றனர். சிறுமியர் ஓரத்தில் நின்று வெளியே போகும் பந்தை எடுத்துக் கொடுக்கின்றனர். அவர்களுக்கு வலைப்பந்தாட்டம் உண்டே என்பர். இருக்கட்டும், வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லையா? இருபாலாரும் பயிலும் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள், அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் வெற்றிக்கிண்ணம் வென்று வந்திருக்கின்றனர். மைதானமும் பயிற்றுவிப்பாரும் வாய்த்தால் நம் பெண்களாலும் இயலும் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை. ஆனால் பாடசாலையை விட்டதும் அவர்களுட் பெரும்பாலார் எங்கே ஆடுவர்? கொழும்பிற் புகழ்பெற்ற பெண்கள் அணிகளிற் பல, படைகளையும் பொலீஸையும் சார்ந்தவை. ஊர்தோறும் கழகம் வேண்டும். கழகத்திற்கு முதலில் மைதானம் வேண்டும்.

ஜூபிலி ஆண்டிலே பழைய மாணவர்கள் மண்டபமும் வளைவும் கட்ட விரும்புதல் இயல்பு. அவற்றை நான் குறைகூறேன். ஆனால் கல்லுஞ் சுண்ணாம்பும் வேண்டாத ஒரு கொடையும் உண்டு. நம் கல்லூரி மைதானத்தைக் கிழமையில் இரண்டு மாலைப் பொழுது அயற்பாடசாலைப் பெண்களுக்கும், படிப்பை முடித்த பெண்களுக்கும் திறந்துவிடலாம்; பயிற்றுவிப்பார் ஒருவரின் வேதனத்தைச் சங்கம் ஏற்கலாம். பையன்களின் ஆட்டம் இதனாற் குறைந்துபோகாது. தம் சகோதரியர் ஆடும் மைதானத்தில் தாமும் ஆடிப் பழகிய பையன், பிற்காலத்தில் நல்ல தந்தையாகவும் நல்ல அதிபராகவும் விளங்குவான்.

சங்கத்தார் தமது அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்வார்களாக.