பெங்களூரு பங்களா வேலை: உங்கள் ஆதார் அவர்களிடம், அவர்கள் முகவரி யாரிடம்?

சிங்காரப்பேட்டையில் பஸ் ஏறினால் ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி பெங்களூரு. திருவண்ணாமலை, செங்கம் பக்கமிருந்து வரும் பஸ்களும் இதே சாலைதான். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் மேஸ்திரியோடு, கூட்டமாகப் போவார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண் பெரும்பாலும் தனியாகப் போகிறார். "நல்ல எடம்கா, பெரிய வீடு, சாப்பாடு போட்டு, தங்க ரூம் குடுத்து, கை நெறைய சம்பளம்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்ன பேச்சுதான் கையில் இருக்கும் ஒரே உத்தரவாதம்.

ஓசூரைச் சுற்றி இத்தனை கம்பெனிகள் பெண்களை வேலைக்கு எடுக்கும்போது இன்னும் எதற்கு பங்களா வேலை என்று கேட்கலாம். கம்பெனி கேட்பது இளவயதும் படிப்பும். எட்டாவதோடு நின்ற, நாற்பது தாண்டிய, வீட்டுக்காரரை இழந்த பெண்ணுக்கு அந்த கேட் லேசில் திறக்காது. பணக்கார வீட்டுக்கு அவரைப் போன்றவர்தான் தேவை. சமைப்பார், ராத்திரி தங்குவார், படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைத் தூக்கி உட்கார வைப்பார். சில சமயம் கம்பெனி ஆரம்பச் சம்பளத்தைவிட கையில் கூடவே கிடைக்கும். அதனால் இந்த வேலைக்குப் போகாதே என்று சொல்வதில் அர்த்தமில்லை. எப்படிப் போவது என்பதுதான் கேள்வி.

கம்பெனியில் வருகைப் பதிவு, பிஎஃப், இஎஸ்ஐ, புகார் என்றால் தொழிலாளர் துறை. வீட்டில் இவை எதுவும் கிடையாது. 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 'தொழில்' என்பதன் விளக்கத்திலிருந்தே வீட்டுப் பணியை வெளிப்படையாக விலக்கிவிட்டது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பும், அப்படிப்பட்டவர்கள் பத்துப் பேராவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான். சமையல்காரர், டிரைவர், தோட்டக்காரர், வாட்ச்மேன், ஆயா என்று ஐந்து பேர் வேலை பார்க்கும் பங்களாகூட இந்தக் கணக்கில் வராது.

குறைந்தபட்சக் கூலி மட்டும் ஓரளவு கைகொடுக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கு அதை அறிவித்த முதல் மாநிலம் கர்நாடகம்தான், 2004-இல். தமிழ்நாட்டில் 2018-இல் வந்தது; திறனைப் பொறுத்து மணிக்கு 37 ரூபாய் முதல் 39 ரூபாய் வரை. வேலை எந்த மாநிலத்திலோ அந்த மாநிலத்தின் கணக்குதான் செல்லும். பெங்களூருவில் வேலை என்றால் கர்நாடக விகிதம். ஊத்தங்கரைக்காரர் என்பதற்காகக் குறைக்க முடியாது.

சரி, கூலி பாக்கி என்றால் யார் மேல் புகார் கொடுப்பது? சிக்கல் இங்கேதான். வேலைக்குச் சேரும்போது ஆதார் நகல், போட்டோ, போலீஸ் சரிபார்ப்பு என்று பெண்ணின் ஜாதகமே வீட்டுக்காரர் கைக்குப் போய்விடுகிறது. அது அவர்கள் பாதுகாப்புக்கு, தப்பில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் குடும்பத்தைக் கேட்டால் "கோரமங்களா பக்கம், ஒரு டாக்டர் வீடுனு சொன்னாங்க" என்பதற்கு மேல் பதில் வராது. வீட்டுக்காரர் முழுப்பெயர் தெரியாது, கதவு எண் தெரியாது. அப்புறம் எந்த ஸ்டேஷன், எந்தத் தொழிலாளர் அலுவலகம்?

ஆகவே போகும் முன்பே வீட்டுக்காரர் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றையும் வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். போய்ச் சேர்ந்த அன்றே வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பிவிட வேண்டும். சம்பளம் எவ்வளவு, என்னென்ன வேலை, வாரத்தில் எந்த நாள் லீவு என்பதை ஒரு மெசேஜாக வாங்கி வைப்பது நல்லது; வாய்ப்பேச்சுக்கு சாட்சி இல்லை. சம்பளம் பேங்க் கணக்குக்கு வரட்டும். நகலோடு நிறுத்துங்கள், அசல் ஆதாரைக் கொடுக்க வேண்டாம். போனை வாங்கி வைக்கும் வீட்டில் ஒரு நாளும் தங்க வேண்டாம்.

முன்பணம் வாங்குவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளையின் காலேஜ் பீஸுக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, "அது கழியுற வரைக்கும் வேலைய விட்டுப் போகக்கூடாது" என்பார்கள். கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். செங்கல் சூளைக்கு மட்டுமல்ல, ஏசி போட்ட பங்களாவுக்கும் அது பொருந்தும்.

இன்னொரு பயம், "நகை காணோம்". பீரோவில் எதையோ தேடினால் முதல் சந்தேகம் வேலைக்காரம்மா மேல்தான். மிக அவசியமான சூழலில், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு, பெண் அதிகாரி மூலமாக அன்றி, சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக்கூடாது என்பது சட்டம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு; 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பாலியல் தொல்லை என்றால், 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது.

வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கைக்கு 2011-இல் ஜெனீவாவில் ஆதரவாக ஓட்டுப் போட்ட இந்தியா, அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. தனிச்சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. அதே ஆண்டு கர்நாடகம் ஒரு மசோதா வரைவைத் தயாரித்தது.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு உதவி, விபத்து உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. ரேஷன் கார்டு சிங்காரப்பேட்டையில், வேலை பெங்களூருவில் என்று இருப்பவருக்கும் இவை கிடைக்கும் என்று அரசு தெளிவாக அறிவிக்க வேண்டும். இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் பேசி, கிருஷ்ணகிரியில் கொடுக்கும் புகாரை பெங்களூருவில் விசாரிக்க வழி செய்ய வேண்டும். இதற்கெல்லாம் கோப்பு நகர நாளாகும். ஊத்தங்கரை வட்டார ஊராட்சிகள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: விருப்பமுள்ளவர்கள் எழுதி வைக்க ஒரு நோட்டு. யார் போனார், யார் கூட்டிப் போனது, எந்த முகவரி, எந்தத் தேதி.